பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

நெல்லித்தோப்பில் அரசியல் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் அதைப் படித்ததில்லை. வக்கீல்களின் கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே காதால் கேட்டு வாங்கியது. எதற்கெடுத்தாலும் சட்டப் பிரிவைச் சொல்வதால் தெரு வைத்த பெயர் 'ஷரத்து'.

இஸ்திரி வண்டியை நகர்த்தச் சொன்னால், வாழும் உரிமை தரும் இருபத்தொன்றாம் ஷரத்து. வீட்டில் சட்னி குறைந்தால், எல்லோரும் சமம் என்னும் பதினாலாம் ஷரத்து. "நான் ஒண்ணும் கவர்மென்டு இல்ல, கம்முனு சாப்புடு" என்பார் மனைவி. அந்த ஷரத்து அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும்; சட்டப்படி அவர் சொன்னதே சரி.

நானும் கிண்டல் செய்தவன்தான். ஒருநாள், நோட்டீஸே கொடுக்காமல் காய்கறி வண்டிகளை லாரியில் ஏற்றுவதைச் செல்போனில் படம் பிடித்தேன். "ஸ்டேஷனுக்கு வா, பேசலாம்" என்று காலை பத்து மணிக்குக் கூட்டிப்போன போலீஸார் மறுநாள் வரை பேசவேயில்லை. என்ன வழக்கென்றும் சொல்லவில்லை, வீட்டுக்கும் விடவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஷரத்து வந்தார். தோளில் போலீஸ்காரர்களின் இஸ்திரி போட்ட காக்கி, கையில் வண்டியில் தொங்கும் சுவர்க்கடிகாரம். அதைப் பெஞ்சில் என் பக்கத்தில் வைத்து, தானும் உட்கார்ந்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் ஏட்டு.

"இருபத்திரெண்டாம் ஷரத்து சார். புடிச்ச இருபத்திநாலு மணி நேரத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு."

"நிறுத்தலன்னா?"

"ஹைகோர்ட்ல கேப்பாங்க. நீங்கதான் போய் நிக்கணும். கவலப்படாதீங்க, அன்னைக்கும் நானே இஸ்திரி போட்டுத் தரேன்."

அதன்பின் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் மணி சொன்னார். ஏட்டு சிவப்புத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது, "எழுந்து போப்பா" என்றார் என்னிடம்.

ஷரத்து நகரவில்லை. "இருடா, ஏன் புடிச்சாங்கன்னு கேட்டுட்டுப் போவோம்." நான்தான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் செல்போனில் மணி பார்த்தேன். "அண்ணே, கடிகாரம் பத்து நிமிஷம் முந்துதே?"

"தெரியும். கவர்மென்டு எப்பவும் லேட்டு. நாம கொஞ்சம் முன்னாடியே இருப்போம்."

நான் வேண்டாமென்று கெஞ்சியும் ஏட்டின் மேல் புகார் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். விசாரணைக்குப் போன ஏட்டின் சட்டைக்கும் அவரேதான் இஸ்திரி, ஒரு சுருக்கமில்லாமல்.

ஷரத்து இப்போது காலாப்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். என் வீட்டுக் கடிகாரத்தை அன்றைக்கே பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், பெஞ்சில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பது போலத் தைரியமாக இருக்கிறது.