ஏழாவது ஆள்

2018 ஜூலை 12, வியாழக்கிழமை காலை, ரரோதோங்கா தீவின் அவாருவா ஊர் ரொட்டிக்கடை வாசலிலிருந்து கிளம்பிய மலைச்சுற்று வண்டியில் ஏழு பயணிகள் இருந்தார்கள். ஓட்டுநர் கைதாராவிடம் ஆறு பேர் என்று சொல்லப்பட்டிருந்தது.

வண்டி கடலோரச் சாலையை விட்டு மலைப்பக்கம் திரும்பியபோதுதான் அவன் அதைக் கவனித்தான். கண்ணாடியில் தொப்பிகளை எண்ணினான். ஏழு. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று மறுபடி எண்ணினான். ஏழாவது தொப்பி அவனைப் பார்த்துக் கையசைத்தது.

நூரோவா அத்தையின் வண்டியில் ஆறு பேருக்கு மேல் ஏற்ற அனுமதி கிடையாது. போன மாதம் கைதாரா, வழியில் கை காட்டிய இரண்டு பேரையும் அவர்களுடைய வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் போலீஸிடம் மாட்டினான். அபராதம் கட்டிவிட்டு வந்த அத்தை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தலை கூடுதலா ஏறிச்சுன்னா, நீ இறங்கிடு. சாவிய வச்சிட்டுப் போயிட்டே இரு" என்றாள்.

சித்தப்பாவின் படகு, பெரியம்மாவின் விடுதி, மச்சானின் பன்றிப் பண்ணை எல்லாவற்றிலும் அவன் ஒரு சுற்று வேலை பார்த்து முடித்திருந்தான். வேலை தரக்கூடிய சொந்தத்தில் மிச்சமிருந்தது அத்தை மட்டும்தான். இதுவும் போனால் ஆக்லாந்துக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அவனுக்குக் குளிர் ஆகாது.

தப்பு எங்கே நடந்தது என்று அவனுக்குப் புரிந்தது. தினமும் அத்தை மகன் விடுதி விடுதியாகப் போய் ஆட்களை ஏற்றி வந்து, ரொட்டிக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மீன்பிடிக்கப் போய்விடுவான். மீதி கைதாராவின் பாடு. இன்று கைதாரா எழுந்ததே தாமதம். ஓடி வந்து, ஒரு பை டோனட் வாங்கிக்கொண்டு, தாவி ஏறி, சாவியைத் திருகிவிட்டான். வண்டி முழுக்கச் சேறு. நேற்றே கழுவச் சொல்லியிருந்தாள் அத்தை. கழுவாதவனுக்கு எப்படி முகம் கொடுத்துப் பின்னால் திரும்பத் தோன்றும்?

ஆக, வாசலில் வண்டி நின்ற நேரத்தில் யாரோ சும்மா ஏறிவிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிற்கிற வண்டியில் இடமிருந்தால் ஏறுவதும், வீடு வந்ததும் கூரையைத் தட்டி இறங்குவதும் தீவில் எல்லோரும் செய்வதுதான். யார் அது என்று தெரிந்தால் இறக்கிவிடலாம். ஆனால் விருந்தாளியைப் பார்த்து "நீங்க பணம் கட்டினீங்களா?" என்று கேட்க முடியுமா? கேட்டால் அவன் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து அடிப்பாள். கல்லறை வீட்டு முற்றத்திலேயே இருப்பதால் அவளுக்கு நடையும் குறைவு.

வண்டியை ஒரு மாமரத்தடியில் நிறுத்தினான்.

"கியா ஒரானா! எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழகிக்கலாமே. பேரு, ஊரு, அப்புறம்... இந்தப் பயணத்த எப்படிக் கேள்விப்பட்டீங்கன்னு ஒரு வார்த்தை."

இன்வர்கார்கிலிலிருந்து வந்த மாட்டுப்பண்ணைத் தம்பதி முதலில் சொன்னார்கள். பிறகு டிமாருவிலிருந்து வந்த மூன்று தோழிகள், ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்து, சொன்னார்கள். அடுத்தவள் பல்லாரட் நகரத்து மோரீன். அவள் யார்மேலோ கோபமாக இருந்தாள். பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டாள். கடைசி மூலையில் தனியாக ஒரு கிழவர். உள்ளூர் ஓலைத்தொப்பி, பூப்போட்ட சட்டை, வெந்த செங்கல் நிறத்தில் கழுத்து. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

"எங்களுக்கு விடுதியில சொன்னாங்க" என்றாள் தோழிகளில் ஒருத்தி. "இந்த வண்டில போங்க, டிரைவர் வழியெல்லாம் பாடுவாருன்னு."

"நானா?"

"பாடமாட்டீங்களா?"

மூன்று தோழிகளின் முகங்களும் ஒரே சமயத்தில் வாடின.

பாடுவது பவுரோவின் வேலை. இன்னொரு கம்பெனி ஓட்டுநர் அவன். யுகுலேலே என்கிற குட்டி கிதாரும் கையுமாக மலையேற்றி, பயணிகளை அழவைத்து அனுப்புகிறவன். அத்தையின் தீராத வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில் அத்தையே விடுதிகளில் ஏதோ அளந்துவிட்டிருக்கிறாள் என்று கைதாரா முடிவு செய்தான். வேலை போகிற நாளில் புகாரும் சேர வேண்டாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தேவாலயப் பாட்டு. அதிலும் ஒரு சிக்கல். பெண்கள் உச்சத்தில் பாட, பின்வரிசை ஆண்கள் அடிவயிற்றிலிருந்து "ஹூ! ஹா!" என்று முழங்குவார்கள். கைதாரா இருபது வருஷமாகப் பின்வரிசை. அதனால் பாட்டு இல்லாமல் முழக்கத்தை மட்டும் முழுதாகப் பாடினான். தெருநாய்கள் இரண்டு வண்டியோடு ஓடி வந்தன.

"போர்ப்பாட்டா?" என்று கேட்டார் பண்ணைக்காரர், மரியாதையாக.

"கர்த்தரைத் துதிக்கிறது" என்றான் கைதாரா.

பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பணம் கொடுத்தவன் எவ்வளவு குலுங்கினாலும் கொடுத்த காசுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சும்மா ஏறியவனுக்கு என்ன தலையெழுத்து? இரண்டு குலுக்கலில் இறங்கிவிடுவான். எனவே அவானா ஓடைப் பக்கம், மழைக்குப் பின் யாரும் போகாத தடத்தில் வண்டியை விட்டான்.

பாறைமேல் ஏறி இறங்கியபோது பண்ணைக்காரரின் மனைவி கணவருடைய காதைப் பிடித்துத் தொங்கினாள். தோழிகளில் ஒருத்தி, அவன் கொடுத்திருந்த டோனட்டைத் திருப்பிக் கொடுத்தாள், பையில் அல்ல. மோரீன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபித்தாள். கிழவர் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டிலில் ஆடும் பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

"யாராவது இறங்கணுமா? வெக்கப்படாம சொல்லுங்க!"

"இன்னொரு தடவை!" என்று கத்தினார் பண்ணைக்காரர்.

ஓடையைத் தாண்டிய கரையில், இடுப்பளவு சேற்றில், வண்டி உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் வசதியாக உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அத்தை. இந்தத் தீவில் பஸ் ஒரு சுற்று வருவதற்குள் செய்தி இரண்டு சுற்று வந்துவிடும். ஏழு தலையை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கைதாரா போனை அணைத்துச் சட்டைப்பையில் ஆழமாகச் செருகினான்.

சேம்பு வயலிலிருந்து டிராக்டரில் வந்தவர் ஏனுவா மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"யாருடா இது, இங்க வந்து முட்டை போட உக்காந்திருக்கிறது?"

"கொஞ்சம் இழுத்து விடு மாமா. புண்ணியமாப் போகும்."

"புண்ணியம் இருக்கட்டும். நூரோவாவுக்குத் தெரியுமா இந்தத் தடத்துல வந்தது?"

"அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத."

"நான் ஏன் சொல்றேன். அவ கேட்டா சொல்வேன்."

கயிறு கட்டி இழுத்ததில் வண்டி வெளியே வந்தது. கதவுகளும் கண்ணாடிகளும் ஒரே மண்ணாக, அது என்ன நிறம் என்று சத்தியம் செய்ய முடியாதபடி வந்தது. மாமா டிராக்டரை அங்கேயே அணைத்துவிட்டு, ஒரு மூட்டை சேம்பையும் ஒரு பன்றிக்குட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார்.

"வீட்டுல இறக்கி விட்டுடு."

இழுத்துவிட்ட மாமாவை எப்படி வேண்டாம் என்பது? இப்போது எட்டு, பன்றியைச் சேர்க்காமல்.

கைதாரா கண்ணாடி வழியாகக் கிழவரையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். குலுக்கலுக்கு அசையாதவர். படம் எடுக்காதவர். பன்றிக்குட்டி மடியில் ஏறியதும், பழகியவர் போல அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுகிறவர். மங்காயா தீவில் பெண் கட்டி, நாற்பது வருஷமாக அங்கேயே உட்கார்ந்துவிட்ட வெள்ளைக்காரர்கள் இரண்டொருவர் உண்டு. கப்பலில் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போவார்கள். சந்தேகமே இல்லை.

மாமாவின் வீட்டு வாசலில் நிறுத்தி, கிழவரிடம் குனிந்து, தீவு மொழியிலேயே மெதுவாகக் கேட்டான்: "பெரியவரே, இங்க இறங்கிக்கிறீங்களா? இங்கேருந்து உங்க வீட்டுக்குப் பக்கம்தானே?"

கிழவர் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். கைதாராவுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நாசூக்காக முடிந்துவிட்டது! கையைப் பிடித்து இறக்கிவிட்டு, மீதியிருந்த டோனட் பையையும் கொடுத்தான்.

ஆறு பேர். வண்டி இறகு மாதிரி போயிற்று. மலைமுகட்டில் நிறுத்தி, கடலைக் காட்டி, யாரும் கேட்காமலே இன்னொரு முறை "ஹூ! ஹா!" பாடினான். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். மோரீன் மட்டும் வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். இருக்கைக்கு அடியில் பார்த்தாள்.

"எங்கப்பா எங்க?"

"யாரு?"

"எங்கப்பா! ஓலைத்தொப்பி போட்டிருந்தாரே! அந்தத் தொப்பி வேண்டாம்னு சொன்னேன், கேக்கல, அதான் காலையிலேருந்து அவர்கிட்ட பேசல. அவருக்குக் காது வேற கேக்காது. எது கேட்டாலும் தலைய ஆட்டுவாரு!"

கைதாரா ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தான். மலை உதவவில்லை.

"ஓய்வு எடுக்க இறக்கிவிட்டிருக்கேன்" என்றான். "வயசானவங்களுக்கு நாங்க அப்படிச் செய்யறது."

அவர்கள் திரும்பி வந்தபோது கிழவர் மாமா வீட்டு மேசையில், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையின் இரண்டாவது தட்டில் இருந்தார். மாமா அவரோடு மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"அருமையான மனுஷன்டா! நம்ம நிலத் தகராறு மொத்தமும் சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் என் பக்கம்தான் நியாயம்னாரு. கோர்ட்டுல கூட இப்படிக் கேட்டதில்ல."

"அப்பா!" என்றாள் மோரீன்.

"மோரீன், இங்க இலவசமா டோனட் தராங்க" என்றார் அப்பா. அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அவர் தொப்பியை நேராக்கினாள்.

மாமாவின் மனைவி எல்லோரையும் உட்காரச் சொன்னாள். "சாப்பாடு எங்களுக்கு அத்தை வீட்டுல இருக்கு" என்று கைதாரா சொன்னது யார் காதிலும் விழவில்லை. வீட்டு வாசலை மிதித்த ஏழு பேரைச் சாப்பிடாமல் அனுப்பியதாக ஊர் பேசினால் அவள் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவாள்? பச்சை மீனும் எலுமிச்சையும், வாழைப்பழக் களியும் வந்தன. கடைசியில், "நூரோவா வீட்டுக்கா போறீங்க? அவளப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று அவளும் ஏறினாள். அவள் ஏறியதால் மாமாவும் ஏறினார். பன்றிக்குட்டி கிழவரின் மடியை விட்டு இறங்க மறுத்துவிட்டது.

தித்திகவேகாவில் அத்தையின் வீட்டு முற்றத்துக்குள் வண்டி நுழைந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்தது. மேசையில் ஆறு தட்டுகள். விறைப்பாகக் கையைக் கட்டிக்கொண்டு அத்தை. அவள் பக்கத்தில் போலீஸ் மோட்டார் சைக்கிள். அதன்மேல் சாய்ந்தபடி, சித்தி மகன் மானா, சீருடையில்.

எல்லாம் முடிந்தது என்று கைதாராவுக்குத் தெரிந்துவிட்டது. இஞ்சினை அணைத்தான்.

"போன ஏன்டா எடுக்கல?" என்றாள் அத்தை.

"மலையில சிக்னல் இல்ல அத்தை."

அத்தை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். விரல் நீட்டாமல், உதடு மட்டும் அசைய எண்ணினாள். ஏனுவா மாமா கையசைத்தார். பன்றிக்குட்டி உறுமியது.

"மாமாவும் அவர் சம்சாரமும் சொந்தம், அவங்க கணக்குல வராது" என்றான் கைதாரா. பிறகு சாவியை உருவினான். "மத்தபடி ஒரே ஒரு ஆள்தான் கூட. யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியல. காலையிலேருந்து தேடறேன், அத்தை. எல்லாருமே நல்லவங்களா இருக்காங்க. யாரையும் இறக்க மனசு வரல. ஒருத்தர இறக்கினேன், அவரும் தப்பான ஆளு. இந்தா சாவி."

அத்தை சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சாவியையே உற்றுப் பார்த்தாள்.

மானா சோம்பலாக எழுந்து வண்டியைச் சுற்றி வந்தான். ஒரு தலையைக்கூட எண்ணவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவில் காய்ந்திருந்த சேற்றை உள்ளங்கையால் துடைத்து, அடியில் இருந்த எழுத்தைப் படித்தான். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஏழு பேர் சரியாத்தான் இருக்கு, ரொட்டி வாங்கிட்டு வெளிய வந்தா வண்டியக் காணோம்னு பவுரோ குடுத்த புகார்லயும் ஏழுன்னுதான் இருக்கு" என்றான். "உன் வண்டி அந்த ரொட்டிக்கடை வாசல்லயே நிக்குது, உன் ஆறு பேரும் அதுலயே உக்காந்திருக்காங்க, தீவு நேரம்னா இப்படித் தாமதமாத்தான்னு சிரிச்சுக்கிட்டு."