பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்களுடைய புது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க. (கடிதம் என்றால் இந்த இடத்தில் அப்படி எழுதித்தான் பழக்கம். டாக்டர் அனுமதித்திருந்தால் மட்டும் தாங்கள் நிற்கவும்.)

போன வாரம் தொலைபேசியில், "மழைக்காலம் முடிஞ்சதும் நாங்களும் பொண்ணைப் பார்க்கக் கிளம்பறோம். விமான டிக்கெட் போக, போக்குவரத்துக்குன்னு தனியா எவ்வளவு எடுத்து வைக்கணும்? நீங்க போயிட்டு வந்தவராச்சே" என்று கேட்டீர்கள். "விவரமா எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயால் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

நான் பேருந்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. கட்டண விஷயத்தில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு நடந்த அன்றே நான் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கலாம். மறந்திருந்தால் நல்லது. அந்த நம்பிக்கையில்தான், தங்கள் மகள் டாக்டர் பட்டம் வாங்கும் விழாவுக்குப் போகும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த தங்களால் வர முடியவில்லை. சம்பந்தியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே கண்ணாரப் பார்த்துட்டு வாங்க" என்று சொன்னார்கள். அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

முதலில் விமானம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை நான்தான் தேடிப் பிடித்தேன். உங்கள் மாப்பிள்ளை (என் மகன்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவன் உங்கள் மாப்பிள்ளை) "அதுல எல்லாத்துக்கும் தனியா வாங்குவாங்கப்பா" என்றான். நான் கேட்கவில்லை. டிக்கெட்டுக்குள் அடங்கியது நம் உடம்பு மட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்குத் தனி, கைப்பை கொஞ்சம் புடைத்திருந்தால் அதற்குத் தனி, டிக்கெட்டை நாமே வீட்டில் அச்சடிக்காமல் கவுண்டரில் வந்து கேட்டால் அதற்கும் தனி. கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் அதற்கொரு கட்டணம். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தது போதாதா என்று அதை நான் மறுத்துவிட்டேன். அவளுக்கு முன்வரிசையில் ஜன்னலோரம் கிடைத்தது, பக்கத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பல் டாக்டர். எனக்கோ கடைசி வரிசை, கழிவறைக் கதவை ஒட்டி, மல்யுத்தக்காரர்களைப் போன்ற இருவருக்கு நடுவில். இறங்கியதும் அவள், "கல்யாணம் ஆனதிலேருந்து இவ்வளவு நிம்மதியா நான் எங்கயும் போனதில்லைங்க" என்றாள். ஆகவே இருக்கைக் கட்டணத்தை எடுத்து வையுங்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை.

அடுத்தது விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் ரயில். அந்த ஒரு நிலையத்தில் ஏறினால் மட்டும் கட்டணத்தோடு ஒரு கூடுதல் வரியைச் சேர்த்து விடுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தேன். அடுத்த நிலையம் விரலால் அளந்தால் ஒரு நகக்கண் தூரம், அங்கே ஏறினால் பாதிக் காசு. "நடந்துடலாம்" என்றேன். "பெட்டி?" என்றாள். "பெட்டிக்குச் சக்கரம் எதுக்கு இருக்கு?" என்றேன். பாதி வழியில் அந்தக் கேள்வியைக் கேட்க அவசியமில்லாமல் போய்விட்டது, சம்பந்தி. ஒரு சக்கரம் சாக்கடை மூடிக்குள் போய்விட்டது. மூன்று சக்கரப் பெட்டி நேராகப் போகாது, தெருவைக் குறுக்காகக் கடக்கத்தான் பார்க்கும். போகிற வழியெல்லாம் லாரிகள், நடைபாதை கிடையாது, நடக்கிற ஜனங்களும் கிடையாது. சைக்கிளில் வந்த ஒருவர் மட்டும் நின்று எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். புதுப் பெட்டி வாங்கிய காசில் அந்த ரயிலில் ஒரு மாதம் போய் வந்திருக்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

அவர்கள் வீடு தீப்பெட்டி அளவு என்பது தங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதியில் அறை போட்டிருந்தார்கள். அறை வாடகை முன்னமே கட்டியாகிவிட்டது. ஆனாலும் வரவேற்பில் இருந்த பெண், ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி கேட்டாள். "எதுக்கு?" என்றேன். இந்த ஊரில் தூங்குகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கட்ட வேண்டுமாம். என் மனைவி நான் விடும் குறட்டையில் தூங்குவதே கிடையாது, படுத்திருப்பதோடு சரி, ஆகவே ஒருவருக்குத்தான் கட்டுவேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாதாடினேன். அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். பெண்களுக்குள் என்ன புரிந்ததோ, குறட்டைக்காக இரண்டு பஞ்சு உருண்டைகள் கொண்டுவந்து கொடுத்தாள். வரியைக் குறைக்கவில்லை.

இனி எழுதப்போவது என் உத்தியோக கௌரவத்தைப் பற்றியது. தாங்கள் மட்டும் படிக்கவும். சம்பந்தியம்மா கேட்டால் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிடவும். அந்த ஊர் டிராமில் ஏறும்போது ஓர் அட்டையைக் கருவியில் தொட வேண்டும், இறங்கும்போதும் தொட வேண்டும். ஏறும்போது தொட்டேன். இறங்கும்போது எதற்கு? நம் ஊரில் இறங்குகிறவனை யார் கேட்கிறார்கள்? இரண்டு நாள் இப்படியே இறங்கினேன். கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கில் ஏற்றி, தினமும் முழுக் கட்டணம் எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அட்டையில் காசு தீர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. கருவி ஏதோ சத்தம் போட்டது, வாழ்த்துகிறது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு பெண் ஏறினாள். சாதாரண உடை, தோளில் பை, கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். அவள் நின்ற தோரணையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்கதவுக்குப் பக்கத்தில், யாரும் நழுவ முடியாதபடி, ஒரு காலை ஊன்றி. அப்படித்தான் நானும் நிற்பேன். "நம்ம ஆளு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். நம்ம ஆள் நேராக என்னிடம் வந்தாள்.

நான் எழுந்து நின்று, பர்ஸிலிருந்து என் பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். படத்தில் எனக்கு மீசை இருக்கிறது, தொப்பி இருக்கிறது. தொழில் மரியாதை என்று ஒன்று எல்லா நாட்டிலும் இருக்கும் அல்லவா? அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க இந்த வேலைதான் பார்த்தீங்களா?"

"ஆமா. ஓய்வு பெறுகிற வரைக்கும்."

"டிக்கெட் இல்லாதவங்க காரணம் சொன்னா விட்டுடுவீங்களா?"

அழுதவர்களைக்கூட நான் விட்டதில்லை. "விட மாட்டேன்" என்றேன். அவள் அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தாள். நானும் பழக்க தோஷத்தில் திருப்பி அடித்துவிட்டேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அழவில்லை.

இவ்வளவும் தாங்கிக்கொண்டேன். விழா நாளன்று நடந்ததை எழுதத்தான் பேனா தயங்குகிறது.

பிள்ளைகள் இருவரும் முன்னாடியே போய்விட்டார்கள். "டாக்ஸி பிடிச்சு வந்துடுங்கப்பா. மீட்டரை மட்டும் பார்க்காதீங்க" என்று உங்கள் மாப்பிள்ளை சொல்லிவிட்டுத்தான் போனான். பார்க்காமல் எப்படி இருப்பது? ஏறி உட்காரும்போதே மீட்டரில் ஒரு தொகை நின்றது. வண்டி இன்னும் நகரவே இல்லை. போன் செய்து கூப்பிட்டதற்காம். அன்று ஞாயிற்றுக்கிழமை, அதற்கு ஒன்று. டிரைவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். நானோ மீட்டரின் சிவப்பு எண்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆற்றங்கரைக்கு வந்ததும் ஒரு பெரிய பலகை தெரிந்தது. பாலத்துக்குச் சுங்கம். நம் கணக்கில்தானாம். சரி என்றேன். அவர் திரும்பிக் காலி வண்டியாக வரும்போது கட்டுகிற சுங்கமும் நம் கணக்கில்தானாம். அங்கேதான், சம்பந்தி, எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நான் ஏறாத வண்டிக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? விழா மண்டபத்தின் கூம்புக் கூரை எதிர்க்கரையில் கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. "நிறுத்துப்பா" என்று சொல்லிவிட்டேன்.

"ஏங்க, அவ பேரைக் கூப்பிடுற நேரம்" என்றாள் என் மனைவி.

"இதோ இருக்கு மண்டபம். காலாற நடந்தா போயிடலாம்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். எங்களை இறக்கிவிட்ட டாக்ஸி அதே பாலத்தில் ஏறி எதிர்க்கரைக்குப் போனது. டிரைவருக்கு வீடு அந்தப் பக்கமாம். கையசைத்துவிட்டுப் போனார். நாங்கள் பாதிப் பாலம் போவதற்குள் மணி அடித்தது, குறுக்கே கட்டை விழுந்தது, எங்கள் கண்ணெதிரிலேயே பாலம் நடுவில் பிளந்து வானத்தைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டது. கப்பல் வருகிறதாம். பெரிய கப்பலாக இருந்தாலாவது மனசு ஆறும். உயரமான பாய்மரம் வைத்த ஒரு சின்னப் படகு. அதில் ஒரு மனிதர் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு போனார். அவசரப்படவே இல்லை. காற்றில் என் மனைவியின் தலை கலைந்தது, விழாவுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு கடித்தது. அவள் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூம்புக் கூரையையே பார்த்தபடி நின்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தங்கள் மகள் கறுப்பு அங்கியோடு படிக்கட்டில் தனியாக நின்றாள். உங்கள் மாப்பிள்ளை எங்களைத் தேடித் தெருமுனைக்குப் போயிருந்தானாம். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை.

"மேடையிலேருந்து பார்த்தேன் மாமா. உங்க ரெண்டு நாற்காலியும் காலியா இருந்தது. அப்பா அம்மாவும் இல்ல. அவரைத் தவிர எனக்குன்னு யாருமே வராத மாதிரி இருந்தது."

நான் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன். என்னை யாரும் இப்படி இறக்கிவிட்டதில்லை. "பாலத்துக்குச் சுங்கம் கேட்டாம்மா" என்று மட்டும் வந்தது வாயில். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அது எந்தக் கண்ணீர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது என் மனைவி, செருப்பைக் கையில் பிடித்தபடியே, "வாடி கண்ணு உள்ள" என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள். மண்டபம் காலி. மேடையில் ஒரு வயதானவர், வெள்ளைத் தலை, கறுப்புக் கோட்டு, மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்து எலக்ட்ரீஷியன். என் மனைவிக்கு அவர்கள் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவு வராது. ஆனாலும் பட்டச் சுருளைக் காட்டினாள், தங்கள் மகளைக் காட்டினாள், பிறகு என்னைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. சுருட்டிய வயரைப் பிரித்து மைக்கை மறுபடி மாட்டினார், கோட்டுப் பொத்தானைப் போட்டார், விரலால் தலையை வாரிக்கொண்டார், தங்கள் மகளின் பெயரை இரண்டு முறை கேட்டு மூன்றாவது மாதிரியாகக் கூப்பிட்டார். அவள் படியேறினாள், அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் மனைவியும் எங்கள் நாற்காலிகளுக்கு முன்னால் நின்று கை வலிக்கத் தட்டினோம். தங்கள் இருவருக்காகவும் பக்கத்து நாற்காலிகளில் என் குடையையும் அவள் கைப்பையையும் வைத்திருந்தோம்.

உங்கள் மாப்பிள்ளை அனுப்பிய படம், எங்களைத் தேடிவிட்டுத் திரும்பி வந்து அப்போது எடுத்ததுதான். அதைத் தாங்கள் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருப்பதாகவும், வருகிறவர்களிடம் எல்லாம் "துணைவேந்தரே எம் பொண்ணு கையைப் பிடிச்சுக் குலுக்கறார் பாருங்க" என்று சொல்லி வருவதாகவும் கேள்விப்பட்டேன். இனிமேல் கொஞ்சம் பொதுவாக, "பெரிய மனுஷர்" என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பொய் எதுவும் கிடையாது. அந்த ஊரில் எங்களிடம் எந்தக் கட்டணமும் வாங்காத ஒரே மனிதர் அவர்தான்.

ஆகவே தங்கள் கேள்விக்கு என் பதில்: போக்குவரத்துக்கென்று போட்ட தொகையை இரண்டு மடங்காக்குங்கள். அதை வேறு பர்ஸில் போட்டு சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கேட்கிற இடத்தில் கேட்கிற காசைக் கொடுங்கள், ஏன் எதற்கு என்று விசாரிக்காதீர்கள். சில்லறையைப் பார்த்து நடுவழியில் இறங்க மாட்டேன் என்று நானும் என் மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். திருந்திவிட்டேன், சம்பந்தி.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். தங்கள் முழங்கால் நீண்ட ஆயுளோடு விளங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டுத் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். எடை கூடிவிட்டதாம், இன்னொரு தபால்தலை ஒட்ட வேண்டுமாம். உறை ஒன்று, முகவரி ஒன்று, அப்புறம் எதற்கு இரண்டு தலை? முடியாது என்று கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கொண்டுவந்து தருகிறேன். எனக்குப் பேருந்தில் ஓய்வூதியர் பாஸ் இருக்கிறது. என் மனைவி, "நானும் வர்றேன், அவங்க படிக்கிறப்ப உங்க மூஞ்சியை நான் பார்க்கணும்" என்கிறாள். அவளுக்குப் போக வர டிக்கெட் எடுக்கிற காசில் பத்துக் கடிதம் போடலாம்தான். அது வேறு கணக்கு. தாங்கள் இதைப் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பேன். படத்தைப் பற்றிய இடம் வரும்போது மட்டும் கை கழுவப் போய்விடுவேன். இந்த வரிக்கு வந்துவிட்டீர்கள் என்றால் ஒரு குரல் கொடுங்கள், வருகிறேன்.