குனியாமல் ஓட்ட ஒரு மோட்டார் சைக்கிள்

ரங்கூன், அலோன்
1923 அக்டோபர் 10, புதன்கிழமை

மோல்மேன் மரக்கிடங்கின் பெரிய மேஸ்திரியும் என் தாய்மாமாவுமாகிய பொன்னுத்துரை அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் சபாபதி பணிந்து எழுதிக்கொள்வது. பணிந்து என்று போட்டது மரியாதைக்காக மட்டும் அல்ல. இரண்டு நாளாக எனக்கு நிமிரவே முடியவில்லை. மற்றபடி இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடுப்பு நீங்கலாக. அங்கே தாங்களும் மாமியும் அம்சவேணியும் சின்னத்தம்பியும் சுகமென்று தங்கள் கடிதத்தில் கண்டு சந்தோஷம். இத்துடன் விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து தாங்களே கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்கவும். வழக்கம்போல அம்சவேணியைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லவேண்டாம்.

விஷயம் ஒன்றுதான். அந்த மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றாதீர்கள். கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே ஏஜெண்டிடம் ஆள் அனுப்பி நிறுத்திவிட்டு எனக்கு ஒரு தந்தி கொடுங்கள். "நிறுத்தியாச்சு" என்று ஒரு வார்த்தை போதும். மற்ற விசாரிப்பெல்லாம் தந்தியில் வேண்டாம்.

எனக்கு ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பீர்கள். தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மறந்திருப்பீர்கள் என்று திரும்ப எழுதுகிறேன். நெல் ஆலைகளுக்கு எண்ணெய் எஞ்சின் விற்கும் எங்கள் கம்பெனியில் ஆலை ஆலையாகப் போய் எஞ்சின் பார்க்கிற மெக்கானிக் வேலைக்கு ஒரு ஆளை எடுக்கிறார்கள். சொந்த வண்டி உள்ளவனாக இருக்கவேண்டும். வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மானேஜர் துரை முன்னால் புறப்பட்டு, தைக்கி ஆலை வரை நாற்பது மைல் போய், அங்கே எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டி, ஆலைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்குமுன் திரும்பவேண்டும். போட்டியில் இரண்டே பேர், நானும் என்னோடு கம்பெனியில் வேலை பார்க்கிற செல்லையாவும். இந்த வேலை கிடைத்தால்தான் தை மாதம் எனக்கும் அம்சவேணிக்கும் கல்யாணம் என்று சொன்னவர் தாங்கள். வண்டி நான் வாங்கித் தருகிறேன் என்று சொன்னவரும் தாங்கள். அந்தப் பெரிய மனசுக்கு நன்றி. ஆனால் மாமா, படத்தைப் பார்த்துப் பெண் எடுத்தாலும் எடுக்கலாம், வண்டி எடுக்கக்கூடாது. "படத்தில் சிங்கம் பாய்வதுபோல் இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பொருத்தமாக இருக்கும், சனிக்கிழமைக் கப்பலில் ஏறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படம் இங்கேயும் கடையில் தொங்குகிறது. அதில் உள்ள வெள்ளைக்காரன் வண்டிமேல் உட்கார்ந்திருக்கவில்லை, குப்புறப் படுத்திருக்கிறான். அது பந்தய வண்டி. பந்தயம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்புறம் அவனுக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைப்பார்கள். எனக்கு நாற்பது மைல் முடிந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்.

நான் வாயால் மட்டும் பேசுகிறவன் இல்லை, பரீட்சை செய்து பார்த்தேன். அதே வண்டி, அதே மாடல் செல்லையாவிடம் இருக்கிறது. ஒரு நாளைக்குக் கொடு என்று கேட்டேன். "ஒரு நாள் என்ன, ரெண்டு நாள் வச்சுக்கங்க அண்ணே, நல்லா ஓட்டுங்க" என்றான். போட்டிக்காரன் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வண்டியைச் சுவரில் சாய்த்து, தூக்குக்குண்டு கட்டி, ஸீட் உயரம், ஹாண்டில் உயரம், கால் வைக்கிற இடம் எல்லாம் அளந்து, முதுகு எத்தனை டிகிரி குனிகிறது என்று கணக்குப் போட்டுப் படமும் வரைந்தேன். படம் இந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிறது. ஹாண்டில் ஸீட்டைவிட நாலு அங்குலம் கீழே வளைந்து கிடக்கிறது. பட்டறையில் வளைத்த இரும்பு, வளைந்தது வளைந்ததுதான், அதற்கு யாரும் ஒன்றும் செய்யமுடியாது. இதை மூன்று வருஷம் இன்செய்னில் எஞ்சினியரிங் படித்தவன் சொல்கிறேன்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் தெருமுனை டீக்கடையில் ஊ பா தெயின் என்று ஒரு பெரியவர் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பார். இங்கே பர்மாக்காரர்களிடத்தில் பெரியவர்கள் முன்னால் நடந்து போனால் முதுகைக் குனிந்துதான் போகவேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். நான் ஆறு வருஷமாக அவர் முன்னால் விறைப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தேன், அவரும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திங்கட்கிழமை அந்த வண்டியில் குப்புறக் குனிந்தபடி அவரைக் கடந்தேன். பெரியவர் அசந்துபோய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். திரும்பி வரும்போதும் குனிந்தே வந்தேன். அவர் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவர்களிடம், "பாத்தீங்களா, இந்தத் தமிழ்ப் பையன் வண்டியில போறப்போகூட மரியாதைய விடல" என்று பர்மியில் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் மடத்துப் பெரிய சாமியாருக்கும், பள்ளிக்கூட வாத்தியாருக்கும், இரண்டு போலீஸ்காரருக்கும், ஒரு மாட்டுக்கும் குனிந்து வணக்கம் செலுத்தியிருக்கிறேன். அலோன் முழுக்க எனக்கு அடக்கமான பிள்ளை என்று பேர் வந்துவிட்டது. இந்தப் பேரை நான் எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

கம்பெனி வாசலில் இறங்கினால் முதுகு நிமிரவில்லை. மானேஜர் துரை எதிரே வந்தார். நான் அரைவட்டமாக வளைந்து நின்றேன். லீவு கேட்டுக் கெஞ்சுகிறான் என்று நினைத்து, "நோ லீவ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் லீவே கேட்கவில்லை மாமா! அன்று முழுக்க எஞ்சினுக்கு அடியில் உள்ள நட்டுகளை மட்டும் பார்த்தேன், மேலே உள்ளவை என் கண்ணுக்கு எட்டவில்லை. செல்லையா ஓரமாக நின்று, "என்ன அண்ணே, ஏதாச்சும் கீழ விழுந்துடுச்சா, தேடறீங்களா?" என்றான். அவன் குட்டை ஆள், ரப்பர் மாதிரி உடம்பு, அவனுக்கு அந்த வண்டி சரி.

சரி, நிமிர்ந்து உட்காருகிற வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்க மொகல் தெருவில் பீர் முகைதீன் கடைக்குப் போனேன். அவர் பழைய வண்டி ஒன்றை வெளியே எடுத்தார். அகலமான ஹாண்டில், மடியில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவதுபோல் கைக்கு இதமாக வருகிறது. கீழே ஸ்பிரிங் வைத்த ஸீட், கால் வைக்கப் பலகை. உட்கார்ந்தேன், இடுப்பு தன் பாட்டுக்கு நேராயிற்று. "தம்பி, இதுல நீங்க மாந்தலே வரைக்கும் போகலாம், போயி இறங்கினா உடனே கல்யாணத்துக்கும் நிக்கலாம்" என்றார். ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கெட்டிக்காரர். அந்த வண்டியில் ஒரே ஒரு குறை, பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, தோல் பெல்ட். மழையில் பெல்ட் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மழை நின்றுவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன், அம்மாவை நினைக்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் நான் பல் தேய்க்கிற நேரத்துக்குள் அம்மா வண்டிக்குப் பூஜை முடித்துவிட்டார்கள். சந்தனம் விளக்கில், குங்குமம் டாங்கில், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் சரி. அதோடு நிறுத்தாமல், "வீட்டுக்கு வந்த வண்டி, உடம்பெல்லாம் காஞ்சு கெடக்கு" என்று ஒரு செம்பு நல்லெண்ணெயை எடுத்து முன்னால் இருந்து பின்னால் வரை சாமிக்கு எண்ணெய்க் காப்புச் சாத்துவதுபோல் தடவியிருக்கிறார்கள். பெல்ட்டுக்கு மட்டும் இரண்டு கை கூட. தெருவே பார்க்க நான் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். எஞ்சின் உறுமுகிறது, புகை வருகிறது, பெல்ட் ஓடுகிறது, வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. இன்னும் கொடுத்தேன், இன்னும் உறுமுகிறது. எலுமிச்சம்பழம்கூட நசுங்கவில்லை. கோயில் குருக்கள் எட்டிப் பார்த்து, "நல்ல சகுனம், லக்ஷ்மி வீட்டைவிட்டுப் போக மாட்டேங்கறா" என்றார். "லக்ஷ்மி இருக்கட்டும் சாமி, நான் வேலைக்குப் போகணும்" என்றேன். அம்மா கோபித்துக்கொண்டார்கள். பிறகு பெல்ட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, சுண்ணாம்புத்தூள் தடவி, வெயிலில் காயவைத்து, அரை நாள் போயிற்று. அன்றைக்கும் தாமதம். மானேஜர் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. பீர் முகைதீனிடம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தோசை கீசை சுட்டீங்களா?" என்றார்.

ஆகவே எனக்கு வேண்டியது இதுதான், ஏஜெண்டிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். ஹாண்டில் மேல்நோக்கி வரவேண்டும், நான் அதை நோக்கிப் போகக்கூடாது. ஸீட் அகலமாக, ஸ்பிரிங்கோடு. பின்சக்கரம் செயினில் ஓடவேண்டும், பெல்ட் கூடவே கூடாது. பின்னால் கேரியர் பலமாக இருக்கவேண்டும், சாமான் பெட்டிக்கும், பின்னாளில் உட்காருகிறவர்களுக்கும். அழகு எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, சிங்கம் பாயவேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். அம்சவேணிக்கும் இந்த வண்டி பற்றி ஏதோ ஒரு யோசனை இருக்கிறதென்று தங்கள் கடிதத்தில் ஒரு வரி பார்த்தேன். அது என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை. தையல் மிஷின் விஷயத்தில் அவள் சொல்லட்டும், எஞ்சின் வண்டி விஷயத்தில் படித்தவன் ஒருவன் குடும்பத்தில் இருப்பது போதும்.

மாமிக்கு என் வணக்கம். சின்னத்தம்பிக்கு ஆசி. தங்கள் மூட்டுவலி சீக்கிரம் நீங்கி, தாங்கள் நிமிர்ந்து நடமாட வேண்டும் என்று, இப்போது அதன் அருமை தெரிந்தவனாக வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மருமகன்,
சபாபதி

பின்குறிப்பு, திங்கட்கிழமை மாலை: இந்தக் கடிதம் போகவில்லை. புதன்கிழமை இதை ஒட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போகச் செருப்பை மாட்டினேன், வாசலில் ஒரு கட்டைவண்டி வந்து நின்றது. துறையில் சரக்கு இறக்கும் முத்து முகம்மது காக்கா அதிலிருந்து குதித்து, "தம்பி, மோல்மேன் மாமா பொட்டி! சனிக்கிழமை வரை பொறுக்க முடியலையாம், முந்தின கப்பல்லயே ஏத்திட்டாரு" என்றார். பொறுமையின்மை எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. பெட்டியை உடைத்தேன். அதே வண்டி, அதே குப்புறக் கிடக்கிற ஹாண்டில். தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரப் போனேன், ஹாண்டிலில் நூல் போட்டு ஒரு சீட்டு கட்டியிருந்தது. தங்களுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன், அதனால் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "அப்பா பார்த்தது முதல் பக்கத்துப் படம். அதே விலைப்பட்டியல் புத்தகத்தில் நாலாம் பக்கத்தில் இதே வண்டியில் ஒரு பாதிரியார் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறார். உற்றுப் பார்த்தேன். ஹாண்டில் ஒன்றுதான், தலைகீழாகத் திருப்பி மாட்டியிருக்கிறது. நடுவில் உள்ள போல்ட்டைத் தளர்த்தித் திருப்பிப் போட்டால் போதும். சின்னத்தம்பியின் சைக்கிளில் செய்து பார்த்தேன், வந்தது. நீங்கள் படித்தவர், தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்."

பத்து நிமிஷம் ஆயிற்று மாமா. தூக்குக்குண்டும் டிகிரியும் போட்டவன் அந்த போல்ட்டைப் பார்க்கவேயில்லை. வண்டியில் செயின்தான் இருக்கிறது. நான் தடுப்பதற்குள் அம்மா வந்து ஒரு செம்பு எண்ணெயை அதில் ஊற்றிவிட்டார்கள், செயினுக்கு அது நல்லதே செய்தது. இன்று காலை நாங்கள் இருவரும் புறப்பட்டோம். செல்லையா தைக்கிக்கு எனக்கு இருபது நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தான், சேர்ந்து ஆலைக் களத்தில் நெல் மூட்டைமேல் குப்புறப் படுத்துவிட்டான். அவன் ரப்பர் உடம்பு கம்பெனிக்குப் போய்வருகிற ஆறு மைலுக்குத்தான், நாற்பதுக்கு இல்லை. நான் இறங்கினேன், நேராக நின்றேன், எஞ்சினை மேலிருந்து கீழ்வரை கழற்றி மாட்டினேன், கையெழுத்து வாங்கினேன், வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்தேன். வேலை எனக்கு. தையில் நாள் பாருங்கள். ஒரே நஷ்டம், ஊ பா தெயின் முன்னால் நிமிர்ந்து வந்தபோது அவர் எழுந்து, "என்னப்பா, உடம்புக்கு என்ன? இன்னிக்குக் குனியலையே" என்று கேட்டார். இனிமேல் நானே வண்டியை மெதுவாக்கிக் குனியவேண்டும்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. புதிதாக எழுதப் பொறுமை இல்லை. வரிகளை அடித்துவிட்டால் என்ன எழுதியிருந்தது என்று தாங்கள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். அதனால் இப்படியே அனுப்புகிறேன். தாங்கள் கண்ணாடியைத் தேடியிருக்க மாட்டீர்கள் என்றும் தெரியும். அம்சவேணி, இதைப் படித்துக்கொண்டிருப்பது நீதான் என்றால், தையல் மிஷின் என்று வருகிற வரியை அப்பாவுக்குப் படிக்காமல் விட்டுவிடு. நீ எழுதியதெல்லாம் சரி. ஆனால் எந்த ஸ்பானர் என்று எழுதவில்லை, அதை நானே கண்டுபிடித்தேன்.