கூஜா திருடிய மாப்பிள்ளைக்கு

மயிலாப்பூர்,
பிரஜோத்பத்தி வருஷம், மாசி மாதம்.

புதுச்சேரியில் வாசம் செய்யும் சிரஞ்சீவி மாப்பிள்ளை அனந்தராமனுக்கு, மாமனார் சுவாமிநாதன் மனப்பூர்வமாக ஆசீர்வதித்து எழுதியது. இங்கே எல்லோரும் க்ஷேமம். போலீஸ்காரர்களும் க்ஷேமம், தினம் வந்து உங்களை விசாரிக்கிறார்கள்.

நீங்கள் கடற்கரைக் கூட்டத்தில் சர்க்காரைத் திட்டிப் பேசிவிட்டுப் பிரெஞ்சுக்காரன் ஊருக்கு ரயிலேறிவிட்டீர்கள். நீரஜாவுக்கு ஏழாம் மாசம். புருஷன் இல்லாமல் சீமந்தம் எப்படி நடக்கும் என்று வக்கீல் கரீமுல்லா சாயபுவிடம் போய் அழுதேன். ராஜத்துரோகத்துக்குப் பிரெஞ்சுக்காரன் ஆளை ஒப்படைக்க மாட்டான், திருட்டு என்றால் ஒப்படைப்பான், இரண்டு சர்க்காருக்கும் அப்படி உடன்படிக்கை, திருட்டுக்கென்று வாங்கிய ஆளை வேறு குற்றத்துக்கு விசாரிக்கவும் கூடாது என்றார். அப்படியானால் நீங்கள் திருடனாக வந்தால் போதும், புகாரை வாபஸ் வாங்கிண்டுட்டா அப்புறம் போலீஸ் உங்களைத் தொட முடியாதுன்னு எனக்குப் புத்தி போச்சு. இதை வக்கீல்கிட்ட சொல்லலை. எங்காத்து வெள்ளிக் கூஜாவை மாப்பிள்ளை திருடிண்டு போயிட்டார்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, கூஜாவை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். உங்க மாமியார் விசாலாக்ஷிகிட்டக்கூட மூச்சு விடலை. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார், நல்ல வெயில், தாகமா இருக்குன்னார், உங்க மாமியார் உள்ளே போய் அந்தக் கூஜாவிலேயே ஜலம் கொண்டுவந்து வச்சா. அவர் நிதானமாக் குடிச்சுட்டு, "காணாமப் போன கூஜா எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"எங்காத்துல இருக்கறதே இது ஒண்ணுதான். அரிசிக்குள்ள கிடந்தது. இவருக்கு வரவர ஞாபகமறதி" என்றாள்.

ஜோடிக் கூஜா, இன்னொண்ணுதான் போச்சுன்னு சமாளிச்சேன். அவர் சிரிக்காம எழுதிண்டு போனார். நீரஜா அதிலேர்ந்து என்னோட முகம் குடுத்துப் பேசறதில்லை. ராஜத்துரோகின்னா தெருவே கை கூப்பறது, கூஜாத் திருடன் பெண்டாட்டியை எவ மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிடுவாங்கறா.

ஆகவே பிரெஞ்சுப் போலீஸ் வந்து கேட்டால், கூஜாவை எடுத்தது வாஸ்தவம் என்று தாங்கள் மறுக்காமல் ஒப்புக்கொண்டு, மரியாதையாக விலங்கை மாட்டிக்கொண்டு புறப்பட்டு வரவும். இது என் கட்டளை. கற்பகாம்பாள் உங்களுக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
சுவாமிநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் வந்த சேதி. பொய்ப் புகார் கொடுத்ததற்கு என்மேல் வாரண்டாம். வக்கீல் சாயபு தலையில் அடித்துக்கொண்டார். பொய்ப் புகார் அந்த உடன்படிக்கையில் இல்லை என்று மட்டும் சொன்னார். நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், அங்கேயே இருங்கள். நாங்கள் மூன்று பேரும் நாளை ரயிலில் வருகிறோம், சீமந்தம் அங்கேதான். அங்கே வீட்டுச் சொந்தக்காரர் கேட்டால், மாமனாரும் ராஜத்துரோகம் என்று சொல்லிவையுங்கள்.