ஐம்பதாம் நாள் உறங்கிப்போகும் மோட்டார்

அடுத்தவன் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் தப்பைக் கண்டுபிடிக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் சுடச்சுட அல்வா தின்றாலும் வராது. (கெட்ட புத்திதான், ஒத்துக்கொள்கிறேன்.)

பாளையங்கோட்டையில் எங்கள் கம்பெனி, தோட்டத்து மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பெட்டி செய்கிறது. அதற்குள் ஓடும் குட்டி இயங்குதளம்கூட நாங்களே எழுதியது. பல வருஷமாக ஒரு புகார் கிடையாது. போன வருஷம் சேரன்மகாதேவியிலிருந்து சுடலை அண்ணாச்சி போன் போட்டார்.

"தம்பி, பெட்டி மறுபடியும் ஒறங்கிட்டு. வாழை குலை தள்ளுத நேரம். இன்னொரு மட்டம் நின்னா என் வெள்ளாமை போச்சு. ஏன் நிக்குதுன்னு சொல்லுங்க, இல்லன்னா கழத்தி ஆத்துல எறிஞ்சிருவேன்."

அணைத்துப் போட்டால் ஓடியது. காலண்டரைப் பார்த்தேன். இரண்டு முறையும் பெட்டியைப் போட்டதிலிருந்து ஐம்பதாம் நாள்தான் நின்றிருந்தது. அதென்ன ஐம்பது? எனக்குச் சோறு இறங்கவில்லை. குடைந்து குடைந்து பார்த்ததில் புரிந்தது. பெட்டியைப் போட்டதிலிருந்து நேரத்தை எண்ணிக்கொண்டே போகும் ஓர் எண், ஐம்பதாம் நாள் இடமில்லாமல் நிரம்பி மறுபடி சுழியத்துக்கு வந்துவிடுகிறது. அதைக் கவனிக்கும் வரி நிரலில் இல்லை. மோட்டாரை எப்போது எழுப்புவது என்று தெரியாமல் பெட்டி காத்துக்கொண்டே கிடக்கிறது.

சரி, இத்தனை வருஷம் ஏன் தெரியவில்லை? தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் தினமும் சில மணி நேரந்தான். கரண்டு போய் வரும்போதெல்லாம் பெட்டி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். அண்ணாச்சிதான் முதன்முதலாகச் சோலாரும் பேட்டரியும் வைத்து அதை அணையவே விடாதவர். (வைக்கச் சொன்னது நான்தான்.)

அதோடு விட்டேனா? அண்ணாச்சியையே ஆபீசுக்கு வரவழைத்து, எல்லாரையும் கூட்டி, பெரிய திரையில் நிரலின் வரலாற்றைத் திறந்தேன். எந்த வரியை யார் எழுதினார், யார் மாற்றினார் என்று அது காட்டிக்கொடுக்கும்.

"இத எழுதுன மகராசன் யாருன்னு பாப்போம்" என்றேன்.

கடைசியாகத் தொட்டவர் வரியை இடம் மாற்றி மட்டும் வைத்திருந்தார், தப்பித்தார். அவருக்கு முந்தையவர் இடைவெளியைச் சரிசெய்திருந்தார், அவரும் தப்பித்தார். இன்னொரு தட்டு தட்டினேன். முதன்முதலில் எழுதியவரின் பெயரும், வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படமும் வந்தன. எண்ணெய் வடியும் தலை, கடன் வாங்கிய சட்டை.

அண்ணாச்சி திரையையும் என்னையும் பைய மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இது நீங்கள்லா? மீசை மட்டுந்தான் இல்ல."

மானம் கப்பலேறியது. ஆனாலும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்த நிரலை நான் என் காலேஜ் ரெக்கார்டு நோட்டிலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். அந்த நோட்டு, கூடப் படித்த ஸ்டெல்லாவின் நோட்டைப் பார்த்து எழுதியது. ஸ்டெல்லா இப்போது என் மனைவி. ஆக, மூலக் குற்றவாளி வீட்டிலேயே இருக்கிறாள். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, ஒன்னால ஆபீசே என்னப் பாத்துச் சிரிக்கி."

அவள் பரணிலிருந்து இரண்டு நோட்டையும் எடுத்து வந்து விரித்தாள். எண் நிரம்புவதைக் கவனிக்கும் அந்த வரி அவள் நோட்டில் இருந்தது, அடுத்த பக்கத்தின் முதல் வரியாக. என் நோட்டில் இல்லை. (அவள் பக்கத்தைத் திருப்பியபோது நான் நோட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

"புரிஞ்சுதான் எழுதுதியான்னு அன்னைக்கே கேட்டேன். பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டுன" என்றாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வரியை அவள் பெயரைப் போட்டே நிரலில் சேர்த்தேன். ஆபீசில் சோதித்துக் காட்டியும் அண்ணாச்சி நம்பவில்லை, ஐம்பது நாள் போகட்டும் என்றுவிட்டார். ஐம்பதாம் நாள் அவர் தோட்டத்தில் போய் நின்றேன். நேரம் வந்ததும் மோட்டார் உறுமி, தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

வாழை வெட்டு வந்ததும் அண்ணாச்சி முதல் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து, கடையில் நானே காசு கொடுத்து வாங்கி வந்த பழத்தை உரித்தால்கூட, எங்களோடு இருக்கும் என் மாமியார் விடுவதில்லை.

"மாப்ள, ஸ்டெல்லாட்ட கேட்டியளா?"