ரசத்துக்கு இரண்டாம் பதிப்பு

கொல்கத்தாவின் காளிகாட்டில் டிபன் கடை நடத்தும் பூங்கோதை, தான் எழுதிய சமையல் புத்தகத்தைக் கடை கடையாகத் தேடித் திரும்ப வாங்கிவிட்டாள். தேசிய நூலகத்துக்குப் போன ஒரு பிரதிதான் பாக்கி. அதிலும் அந்தப் பாழாய்ப்போன ரசப் பக்கம் இருந்தது.

“சுடுதண்ணீரில் மிளகாய்ப்பொடியைத் தூவி ரசம் என்று பெயர் வைப்பவர்கள் இதே ஊரில், டாக்குரியாவில் இருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். அவருடைய தங்கைதான்.”

சண்டையில் இருந்தபோது எழுதியது. இப்போது நாத்தனார் விஜயலட்சுமி மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தாள். அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் வீடே வெறிச்சென்று கிடந்ததைப் பூங்கோதை மறக்கவில்லை. இன்னொரு தடவை அவளை இழக்க முடியாது.

நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களைக் கவனிப்பவள் சாதனா. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள்; வயதில் பெரியவர்களை வங்காளிகளைப் போல ‘மாசிமா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“அந்த புக்கைக் குடுத்துடும்மா. பதிலுக்கு வேற நல்ல புக்கா வாங்கித் தரேன்.”

“முடியாது மாசிமா. நாட்டுல அச்சாகிற ஒவ்வொரு புக்லயும் ஒரு காப்பி இங்க வரணும். வந்ததைப் பத்திரமாக் காப்பாத்தணும். அதுதான் எங்க வேலையே.”

“நல்ல கூத்து! யார் வேணா வந்து படிக்கலாமா?”

“தாராளமா!”

பூங்கோதை நேரே அச்சகத்துக்குப் போனாள். ரசப் பக்கத்தை நீக்கி இரண்டாம் பதிப்பு போட்டுக் கொண்டுவந்தாள்.

“பழசை எடுத்துட்டு இதை வெச்சுக்கோ.”

“எடுக்க மாட்டோம் மாசிமா. ரெண்டையும் வெச்சுப்போம். நீங்க எதை நீக்கினீங்கன்னு ஒப்பிட்டுப் பாக்கறவங்களுக்கு ரொம்ப சௌகரியம்!”

இது வேறயா! வீட்டில் கணவர் மாரியப்பன், “விட்டுத் தொலையேன். அவ என்ன லைப்ரரிக்கா போகப்போறா?” என்றார்.

விடுகிறவளா அவள்? ‘டாக்குரியா விஜயலட்சுமியின் ரசத்திடம் ஒரு மன்னிப்பு’ என்று சின்னதாக ஒரு புத்தகம் அச்சடித்து, அதையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சாதனா அட்டையைப் படித்தாள். “ஓ, அந்த ரசம் இவங்களோடதா? மொத புக்ல பேரே இல்லையே!”

பூங்கோதை தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “ஐயையோ, நானே பேரை அச்சடிச்சுக் குடுத்துட்டேனே! இனிமே அவ என் வாசப்படி மிதிப்பாளா?” கண்ணில் நீர் முட்டியது.

சாதனா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“அழாதீங்க மாசிமா. போன வாரம் இந்த விஜயலட்சுமி மாசிமாவும் இதே நாற்காலியில உக்காந்து, ‘என் அண்ணியின் சாம்பார்: ஓர் எச்சரிக்கை’ங்கற தன்னோட புக்கைத் திருப்பிக் குடுங்கன்னு அழுதுட்டுத்தான் போனாங்க.”