ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

அன்பும் அதட்டலும் சரிசமமாய் வாய்த்த அக்கா அவர்களுக்கு,

உங்கள் தையற்காரத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மருமகளான என் மகளுக்குக் கால் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. நடக்கிறாள், நான் பார்க்காதபோது ஓடுகிறாள்.

கால் முறிந்து பள்ளிக்கூடம் போகாமல் இருப்பவளுக்குப் பூச்சிகளைப் பற்றிய புத்தகம் அனுப்பி, "ஒரு நாளைக்கு ஒரே பக்கம், முந்திப் புரட்டக் கூடாது, மாதக் கடைசி ஞாயிறு வந்து கேள்வி கேட்பேன், தேறாவிட்டால் கையோடு கூட்டிவந்து என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுவேன்" என்று எழுதியிருந்தீர்கள். என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவதால் வாத்தியார் நான்தான்.

அக்கா, என்ன புத்தகம் அது! ஒன்பதாம் பக்கத்தில், எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி இருந்தால் உற்றுப் பார், அது புழுவாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. கொல்லையில் தொட்டியில் வைத்த எலுமிச்சைச் செடியில் பார்த்தோம். இரண்டு நிஜமாகவே எச்சம், மூன்றாவதுக்குக் கால் இருந்தது! பாட்டிலில் விட்டு வளர்த்தோம். பன்னிரண்டாம் பக்கம் படித்த அன்று, பேங்க் மேனேஜருக்கு அளவெடுத்துக்கொண்டே ஆசையாக அதைத் தொட்டேன், ரெண்டு கொம்பை நீட்டி ஒரு நாத்தம் விட்டது பாருங்க, மேனேஜர் என்னைப் பார்க்கிறார், நான் மேனேஜரைப் பார்க்கிறேன். தொடக் கூடாது என்பது மறுநாள் பதிமூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அப்புறம் அது பாட்டிலை விட்டுத் தப்பித்து, மேனேஜரின் பணி ஓய்வு விழாவுக்குத் தைத்து மாட்டியிருந்த கிரீம் கலர் கோட்டின் காலருக்கடியில் கூட்டுப்புழுவாகித் தொங்கிவிட்டது. விழாவுக்குப் பன்னிரண்டே நாள். கோட்டுக்கு வந்தவரிடம் இவள் பதினேழாம் பக்கத்தை நீட்டி, "அசைச்சா செத்துடும் அங்கிள்" என்றாள். மனுஷன் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கையெழுத்துப் பார்க்கிற லென்ஸோட வந்து உட்கார்ந்துட்டார்!

விழா அன்று காலையில் கூடு வெடிச்சுது அக்கா! கசங்கின துணி மாதிரி வெளியே வந்து, இஸ்திரிப் பெட்டி இல்லாமலே தானா ரெக்கை விரியுது, முப்பது வருஷமா துணியோட மல்லுக்கட்டுற எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கூடவே காலர்ல ஒரு பழுப்புக் கறை. வெளியே வந்ததும் அப்படித்தான் நீர் விடும், கீழே பழைய தாள் விரித்து வை என்று மறுநாள் முப்பதாம் பக்கத்தில் படித்தோம். மேனேஜர் அந்தக் கறையோடவே மேடை ஏறி, பேங்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாம, அரை மணி நேரம் வண்ணத்துப்பூச்சியைப் பற்றியே பேசினாராம்.

இத்தனை நடந்தும் ஒரு பக்கம்கூட முந்திப் புரட்டாத பிள்ளை இவள். தேறிவிட்டாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க அக்கா. அவ போயிட்டா அடுத்த பக்கத்தை நான் யாரோட படிப்பேன்?

அத்தானுக்கு வணக்கம் சொல்லவும். தங்கள் ஆசி எங்களுக்கும் பூச்சிக்கும் வேண்டும்,
தம்பி.

பின்குறிப்பு: மேற்படிக் கடிதத்தை இவள் எடுத்துப் படித்துவிட்டாள். புத்தகம் வந்த அன்றைக்கே அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்துவிட்டாளாம். நாற்றம், கறை எல்லாம் முன்னமே தெரியுமாம். ஏண்டி சொல்லலன்னு கேட்டா, "தினம் நீங்க 'ஐயோ, பாரேன்!'னு குதிக்கிறதைக் கெடுக்க மனசு வரலப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கேள்வியை அவளிடமே கேளுங்கள். என்னிடம் மட்டும் முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள்.